வண்டியைத் தள்ளி நடந்தவர்

வாடகைக்கு ஒரு வண்டியை எடுத்துவிட்டு, அதில் ஏறாமல், தள்ளிக்கொண்டே நடக்கிறவர்களை எங்கள் ஊரில்தான் பார்க்க முடியும். இதைப் பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்குப் புரியவைக்க நான் விட்ட மூச்சில் ஊரிலுள்ள அத்தனை சைக்கிள்களுக்கும் காற்றடித்திருக்கலாம். அவருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறுகிற வழியாய்த் தெரியவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

போனில் ஸ்கேன் செய்து எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் ஏதாவது ஒரு ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போகிற சைக்கிள்கள் திருவண்ணாமலைக்கு வந்தபோது, அவற்றையும் அடுத்து வந்த மின்சார ஸ்கூட்டர்களையும் கவனித்துக்கொள்ள என்னை வேலைக்கு எடுத்தார்கள். அதற்கு முன் ஒரு டூ வீலர் ஷோரூமில் சர்வீஸ் கவுண்டரில் இருந்தேன். புது வேலையில் எனக்குக் கொடுத்த பதவியின் பெயரை முழுதாகச் சொன்னால் ஒரு விசிட்டிங் கார்டு போதாது. செய்த வேலை என்னவோ இதுதான்: எந்த ஸ்டாண்டில் வண்டி குவிந்து கிடக்கிறது, எங்கே காலியாக இருக்கிறது, எதில் சார்ஜ் இறங்கிவிட்டது, எதைக் கொண்டுபோய்ச் சாக்கடை ஓரத்தில் சாய்த்து வைத்திருக்கிறார்கள் என்று நாள் முழுக்கத் தேடுவது. தேடியதை லோடு ஆட்டோவில் ஏற்றி, வேண்டிய இடத்தில் இறக்கச் சொல்வது. ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர், பேட்டரி மாற்றுபவர் இருவர், வெயில், நான்.

மக்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆயுத பூஜையன்று ஸ்டாண்டில் நின்ற வண்டிகளுக்கெல்லாம் யாரோ புண்ணியவான் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனார். வைத்த இடம் சரியாக ஸ்கேன் செய்கிற கட்டத்தின் மேல். மறுநாள் முழுக்க ஒரு வண்டியும் திறக்கவில்லை, நான் ஈரத்துணியோடு ஊரைச் சுற்றினேன். செங்கம் சாலைப் பக்கம் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் இன்னொரு ரகம். அமைதி தேடி வந்தவர்கள், அமைதி கிடைத்ததும் வண்டியைப் புதருக்குள் விட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். இதற்கெல்லாம் எனக்கு எரிச்சல் வரும், திட்டுவேன், அதோடு சரி. இதெல்லாம் கோபத்தில் சேர்த்தி இல்லை.

தள்ளிக்கொண்டு நடக்கிற விஷயத்துக்கு வருகிறேன். மலையைச் சுற்றுவது என்றால் எங்கள் ஆட்களுக்கு நடந்து சுற்றுவதுதான். வண்டியில் போய் வந்தால் சுற்றிப் பார்த்த கணக்கில்தான் சேரும், கிரிவலம் போன கணக்கில் சேராது. ஆனால் பையைத் தூக்க வேண்டும், தூங்கிவிட்ட குழந்தையைச் சுமக்க வேண்டும், முட்டிவலிக்காரரை வீட்டில் விட்டுவிட்டு வர மனசு கேட்காது. அதனால் வண்டி ஒன்றை எடுத்து, பையையும் குழந்தையையும் அதில் வைத்து, வீட்டார் எல்லாம் பக்கத்தில் செருப்பில்லாமல் நடப்பார்கள். பௌர்ணமி அன்று அந்தப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். மற்ற நாட்களில் இதுதான் வழக்கம். சைக்கிள் மட்டும் இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை.

ஸ்கூட்டர் வந்த பிறகுதான் வினை வந்தது. மோட்டார் ஓடாமல் சக்கரம் மட்டும் ரொம்ப நேரம் சுற்றினால், யாரோ வண்டியைத் திருடித் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று அது எடுத்துக்கொள்ளும். சக்கரம் பூட்டிக்கொள்ளும், சைரன் அடிக்கும். இந்த ஊரில் இது ஒத்துவராது என்று முதல் வாரமே போன் மீட்டிங்கில் சொன்னேன். தள்ளுவதற்கு எதற்குங்க வாடகைக்கு எடுக்கிறார்கள் என்று பெங்களூர் மேனேஜர் கேட்டார். அவரும் தமிழர்தான். மற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பது போனில் கேட்டது. குறித்துக்கொண்டேன் என்று சொன்னார். எங்கே குறித்தாரோ தெரியாது.

எங்கள் ஸ்கூட்டரைத் தினமும் எடுத்தவர்களில் அடி அண்ணாமலையைச் சேர்ந்த ஓர் அக்கா உண்டு. வீட்டில் கொஞ்சம் நிலம், கணவர் அதைப் பார்த்துக்கொள்கிறார், ஒரே மகள் டவுனில் கல்லூரியில் படிக்கிறாள். அக்காவுக்குச் செங்கம் சாலையில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் காலைச் சமையல். தங்கியிருப்பவர்கள் எழுந்து வரும்போது இட்லியும் சாம்பாரும் தயாராக இருக்க வேண்டும், அதனால் விடிவதற்குள் அடுப்பைப் பற்றவைத்தாக வேண்டும். அந்த நேரத்துக்கு அவர் ஊரிலிருந்து பஸ் கிடையாது. முன்பெல்லாம் பால் வண்டிக்காரர் மனசு வைத்தால் ஏறி வருவார், இல்லாவிட்டால் ஓட்டமும் நடையும்தான். நாற்பது வயதுக்கு மேல் அவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது எங்கள் ஸ்கூட்டரில்தான். மெதுவாக ஓடுகிற, லைசென்ஸ் கேட்காத வண்டி. கற்றுக்கொண்ட நாளில் அவர் ஊர்முனையில் இருக்கும் எங்கள் ஸ்டாண்டிலேயே மூன்று சுற்று சுற்றிவிட்டு இறங்கி, சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எடுத்த வண்டியைத் துடைத்து, நேராக நிறுத்திவிட்டுப் போகிறவர் என் நினைவில் அவர் ஒருவர்தான்.

மகள் கல்லூரிப் படிக்கட்டில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மகளோடு மலையைச் சுற்றி வருகிறேன் என்று அக்கா வேண்டிக்கொண்டார். முடிந்தது. மகளால் நடக்க முடியாது, மாவுக்கட்டுப் பிரிக்க நாளாகும். வேண்டுதலை வைத்துக்கொண்டு அக்காவால் தூங்கவும் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாக எடுக்கும் ஸ்கூட்டரில் மகளை உட்காரவைத்து டவுனுக்கு ஓட்டி வந்தார். கோபுரத்துக்கு எதிரே சூடம் ஏற்றிவிட்டு, மோட்டாரை அணைத்து, செருப்பைக் கழற்றி வண்டியில் மாட்டிவிட்டு, மகளை வைத்துத் தள்ளத் தொடங்கினார்.

செங்கம் சாலையில் வண்டி பூட்டிக்கொண்டது. அவர் வேலை செய்யும் கெஸ்ட் ஹவுஸுக்கு முன்பாகவே வந்து நிற்க வேண்டுமா, நின்றது. என் போனுக்குத் திருட்டு என்று எச்சரிக்கை வந்தது, அடித்துப்பிடித்துப் போனேன். சைரனோடு ஒரு பெண் குரல் இங்கிலீஷிலும் இந்தியிலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்தி ஒருவருக்கும் புரியவில்லை, தெஃப்ட் என்பது எல்லாருக்கும் புரிந்தது. சுற்றிலும் கூட்டம். காபிக் கடையிலிருந்து எழுந்து வந்தவர்கள், போனை உயர்த்திப் படம் எடுப்பவர்கள், அவர்களுக்கு நடுவில் அந்த கெஸ்ட் ஹவுஸ் முதலாளி. மகள் சீட்டில் இருந்து இறங்கவும் முடியாமல், கட்டுப் போட்ட காலை நீட்டியபடி, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். நெற்றி நிறைய விபூதியோடு அக்கா கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார், விட்டால் வண்டி சாய்ந்து மகள் விழுந்துவிடுவாள் என்று.

“இன்னாமா இது, நான் துட்டு கட்டித்தானே எட்த்தேன்” என்று என்னைப் பார்த்ததும் கேட்டார்.

அந்தச் சைரனை என்னால் நிறுத்த முடியாது. ஆபீசிலிருந்துதான் நிறுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆபீசில் போன் எடுக்க ஆள் இல்லை. அது கத்திக் கத்தித் தானாக ஓயும்வரை நாங்கள் மூன்று பெண்களும் அந்த நடுத்தெருவில் நின்றோம். படம் எடுத்த ஒருத்தனிடம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். மகளை ஓர் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினோம். அக்கா மட்டும் மீதிப் பாதையை நடந்து முடித்தார். மகளோடு சுற்றுவதாக வேண்டியது, பாதியில் தனியாகப் போயிற்று.

மாலைக்குள் அவருக்குச் செய்தி வந்துவிட்டது: திருட்டு முயற்சி காரணமாக உங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. அதே முகவரியில் இருக்கும் வேறு யாரும் புதுக் கணக்குத் தொடங்கவும் முடியாது. அதாவது அந்த வீட்டில் இருக்கும் எல்லாரும் திருடர்கள். நாளைக் காலை அடுப்புப் பற்றவைக்க எப்படிப் போவது என்பதுதான் அக்காவின் முதல் கவலை. நான் இரவு வரை மேனேஜருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை மேனேஜர் போனை எடுத்தார். நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “பொண்ணுக்குக் கால் முடியலைன்னா ஓட்டிட்டே போயிருக்கலாமே.”

“நடக்கணும்னு வேண்டுதல் சார்.”

“அப்ப பொண்ணும் நடக்கலையே.”

மலையைச் சுற்றுவதில் எது செல்லும், எது செல்லாது என்று பெங்களூரிலிருந்து தீர்ப்புச் சொல்கிறார். திருட்டு இல்லை என்று நான் எழுதிக் கொடுக்கிறேன், கணக்கைத் திறந்துவிடுங்கள் என்றேன். சிஸ்டம் மூடியதில் யாரும் கை வைக்க முடியாது என்றார். கெஞ்சினேன், பிறகு கத்தினேன். சிஸ்டம், சிஸ்டம், சிஸ்டம். எங்கள் ஊர் சாமியையாவது வரிசையில் நின்றால் பார்த்துவிடலாம், இந்த சிஸ்டத்தை எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டேன். என் கோபம் நியாயம்தான் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அக்கா மறுபடி நடக்க ஆரம்பித்தார். நாய்த் தொல்லைக்குப் பயந்து, பால்காரர்கள் நடமாட்டம் தெரிந்த பிறகுதான் கிளம்ப முடியும். கிளம்பினாலும் ஆறேழு கிலோமீட்டர். அடுப்புப் பற்றவைப்பது தள்ளிப் போயிற்று. தங்கியிருந்தவர்கள் டிபனுக்குக் காத்திருந்து முணுமுணுத்தார்கள். முதலாளி ஒரு தரம் சொன்னார், இரண்டாம் தரம் கொஞ்சம் ஜாஸ்தியாகச் சொன்னார். மூன்றாவது முறை, நேரத்துக்கு வர முடியாவிட்டால் காலைச் சமையலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், நீ பாத்திரம் கழுவ வந்தால் போதும் என்றாராம். ஸ்கூட்டர் சைரன் அடித்ததை அவரும் நின்று பார்த்தவர்தானே. அதைச் சொல்லவில்லை, ஆனால் ஸ்டோர் ரூம் சாவியை அந்த வாரமே வாங்கி வைத்துக்கொண்டார்.

இப்படி இருக்கும்போது ஆபீசிலிருந்து இன்னொரு அழைப்பு வந்தது. விளம்பரப் பிரிவில் வேலை செய்யும் பெண்ணாம். மேனேஜர் அவளிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். அம்மா, மகள், மலை, எங்கள் ஸ்கூட்டர், கேட்டதும் அழுகையே வந்துவிட்டது என்றாள். அவர்களை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும், ஊரெல்லாம் வைக்க வேண்டும். எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். கணக்கைத் திறந்தால் பேசிப் பார்க்கிறேன் என்றேன். கண்டிப்பாகத் திறந்துவிடலாம், அது ஒரு விஷயமே இல்லை என்றாள்.

நான் அடி அண்ணாமலைக்குப் போய்ச் சொன்னேன். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “ஃபோட்டோ புடிச்சிக்கினா வண்டி வுட்டுடுவாங்களா?”

விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். உள்ளே போய் மகளிடம் பேசினார். மகளுக்கு இஷ்டமில்லை என்பது வெளியே நின்ற எனக்கே கேட்டது. இருந்தாலும் ஒத்துக்கொண்டாள், அம்மாவுக்காக.

படம் எடுக்கச் சென்னையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அதற்குள் மகளின் மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். கம்பு ஊன்றி நடக்கிற அளவுக்குத் தேறியிருந்தாள். வந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். பஞ்சும் துணியும் வாங்கிவரச் சொல்லி, ஆறிய காலுக்கு மறுபடி கட்டுப் போட்டார்கள். அக்கா கட்டியிருந்த பட்டுப்புடவை வேண்டாம், வீட்டில் கட்டுகிற பழைய புடவை போதும் என்றார்கள். செருப்பில்லாத கால் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஒருவர் ரோட்டில் படுத்துக்கொண்டு எடுத்தார். வெயில் ஏறும்வரை அக்கா அந்த ஸ்கூட்டரைப் போகவும் வரவும் தள்ளிக்கொண்டே இருந்தார்.

சைரன் அடிக்கவில்லை. நான் பயந்துகொண்டே இருந்தேன், அடிக்கவே இல்லை. கேட்டதற்கு, படம் எடுக்கும் நேரத்துக்கு அந்த ஒரு வண்டியில் மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டோம் என்றார்கள். யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன். மேனேஜரிடம். சிஸ்டம் செய்வதில் கை வைக்க முடியாது என்று என்னிடம் சொன்னாரே, அதே மேனேஜர். கை வைத்திருக்கிறார், அதுவும் ஒரு போன் காலில். அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் எதிரே இருந்திருந்தால் என் வேலை அன்றைக்கே போயிருக்கும்.

செங்கம் சாலையிலுள்ள எங்கள் பெரிய ஸ்டாண்டின் பின்னால் அந்தப் படத்தை ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸாக வைத்தார்கள். அம்மா தள்ளுகிறார், நாங்கள் துணை நிற்கிறோம் என்று கீழே எழுதியிருந்தது. கணக்கு மட்டும் திறக்கவில்லை. விளம்பரப் பெண்ணைக் கேட்டால் அது தன் பிரிவில்லை என்றாள். மேனேஜரைக் கேட்டால், அவள் கொடுத்த வாக்குக்கு நான் பொறுப்பில்லை என்றார். ஆளுக்கு ஒரு பக்கம் கையைக் கழுவிக்கொண்டார்கள். நடுவில் நின்று அக்காவிடம் வாக்குக் கொடுத்தவள் நான்.

அந்த வாரத்துக்குப் பிறகும் நேரத்துக்கு வராவிட்டால் சமையலுக்கு வேறு ஆள்தான் என்று முதலாளி கெடு வைத்திருந்தார். என் வேலைக்கென்று கொடுத்த போனில் எந்த வண்டியையும் நான் திறக்கலாம், பழுது பார்க்க. ஒரு நாள் விடிவதற்கு முன்பே சார்ஜ் நிறைந்த ஸ்கூட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். அக்கா அப்போதுதான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். வண்டியை அவர் பக்கம் நகர்த்தி, இனிமேல் தினமும் இங்கே ஒன்று நிற்கும், எடுத்துக்கொண்டு போங்கள், யாருக்கும் தெரியாது என்றேன்.

அவர் வண்டியைத் தொடவில்லை.

“வேணாம்மா. யாருக்கும் தெரியாம எட்த்துனு போனா, அன்னிக்கு அந்த வண்டி கத்திச்சே, அது நெஜம்னு ஆயிடும்.”

சரி, பின்னால் ஏறுங்கள், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

“எத்தினி நாளைக்கு வருவ?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எனக்கு வேலையே காலையில்தான் ஆரம்பிக்கிறது, எல்லா ஸ்டாண்டுகளையும் சுற்ற வேண்டும். அவருக்கும் அது தெரியும். என் தோளைத் தட்டிவிட்டு நடந்து போய்விட்டார்.

நான் அங்கங்கே நின்று வண்டிகளைச் சரிபார்த்துக்கொண்டு செங்கம் சாலை ஸ்டாண்டுக்கு வந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. முதலில் கண்ணில் பட்டது அந்த ஃப்ளெக்ஸ்தான். அதற்கு மேல் தாங்கவில்லை. பேட்டரி ஒயரின் டேப்பை வெட்ட வைத்திருக்கும் பிளேடை எடுத்து, ஓரத்துக் கயிற்றை அறுத்தேன். மூலை மடிந்து தொங்கியது. இன்னொரு மூலையையும் அறுத்துவிட்டு, நடுவில் குறுக்காக இழுக்கக் கையை ஓங்கினேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும், வேலை போனால் போகட்டும்.

கையைப் பின்னாலிருந்து பிடித்தது அக்கா. நடந்தே வந்து சேர்ந்திருந்தார், கழுத்தெல்லாம் வியர்வை. நேரமாகிவிட்டது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் ரோட்டைக் கடந்து வந்திருந்தார்.

“அதுல எம் பொண்ணு கீறா. அவ மூஞ்சிய கிழிக்காத.”

தொங்கிய மூலையை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். நான் அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டேன். இரண்டாவது மூலையையும் கட்டி முடித்ததும் புடவையைச் சரிசெய்துகொண்டு கெஸ்ட் ஹவுஸ் கேட்டுக்குள் போனார். உள்ளே அடுப்பை யாரோ ஏற்கெனவே பற்றவைத்திருந்தார்கள். சாம்பாருக்குத் தாளிக்கிற வாசனை ரோடு வரைக்கும் வந்தது.